தி. நகர் மாமாவின் வெள்ளைக்காரப் பிள்ளை

என் கணவர் வெள்ளைக்காரர். ஈக்காட்டுத்தாங்கலில் ஓர் அச்சகத்துக்கு மெஷின் பொருத்த வந்தவர், அங்கே கணக்கெழுதிக்கொண்டிருந்த என்னையும் சேர்த்துப் பார்த்துவிட்டார். தொண்ணூறுகளின் மயிலாப்பூரில் இது சாதாரண சமாசாரம் இல்லை. ஆனால் அம்மா ஒரு வழியாக அழுது முடித்ததும் நேராகக் காரியத்தில் இறங்கிவிட்டாள். கல்யாணம் பண்ணிவைக்க ஒப்புக்கொண்ட வாத்தியார்தான் முட்டுக்கட்டை போட்டார். "பிள்ளைக்கு கோத்திரம் வேணுமே?"

கோத்திரம் இல்லாதவரை யாராவது பிள்ளையாக ஸ்வீகாரம் எடுத்துக்கொண்டால் சரியாகிவிடுமாம். குழந்தை இல்லாத என் தி. நகர் மாமா, அம்மாவின் தம்பி, முன்வந்தார். கல்யாணத்துக்கு முதல் நாள் ஹோமம் வளர்த்து, அந்த ஆறடி மனிதரை மாமா, மாமி மடியில் உட்காரவைத்தார்கள். மாமிக்குக் கால் மரத்துப்போய் எழுந்திருக்க முடியவில்லை. அப்படியும் சிரித்துக்கொண்டே இருந்தாள். அம்மாவுக்கு அதைவிடச் சந்தோஷம். எங்கிருந்தோ வந்த வெள்ளைக்காரர் எனக்கு முறை மாப்பிள்ளை ஆகிவிட்டாரே! கல்யாணப் பத்திரிகையிலும் மாமா பெயரையே மாப்பிள்ளையின் அப்பாவாகப் போட்டிருந்தாள்.

லீவு முடிந்து அவர் ஊருக்குப் போனார். நான் மனைவி விசாவுக்கு விண்ணப்பித்தேன். விசா கிடைக்காவிட்டால் வேலையை விட்டுவிட்டு இங்கேயே வந்துவிடுவதாக ஃபோனில் சொன்னார். அந்த வேலை என்றால் அவருக்கு உயிர். அப்படி விட்டுவிட்டு வர நான் காரணமாகக் கூடாது என்று எனக்கு ஒரே கவலை. அதனால் கல்யாணம் நிஜம்தான் என்று காட்ட, பதிவுச் சான்றிதழ், போட்டோக்களோடு பத்திரிகையையும் பெருமையாக இணைத்தேன். என் புத்திசாலித்தனத்தைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

தூதரகத்து இண்டர்வியூவில் அதிகாரி பத்திரிகையைத் தட்டிக் கேட்டார். "விண்ணப்பத்தில் உங்கள் கணவரின் அப்பா ஒருவர், இதில் வேறொருவர். இவர் யார்?"

"என் அம்மாவின் தம்பி" என்றேன்.

"அப்படியானால் கணவர் உங்கள் மாமா மகனா?"

"ஆமாம்" என்று வாயில் வந்துவிட்டது. அவசரமாக "இல்லை" என்று சேர்த்துக்கொண்டேன். அவர் பேனாவை மூடி வைத்துவிட்டு, அந்த மாமாவை அழைத்து வரச் சொன்னார்.

மறுபடி போன அன்று ஆட்டோவில் மாமாவுக்குப் பாடம் நடத்தினேன். "வெறும் சடங்கு, வேற ஒண்ணும் இல்லேன்னு சொல்லிடுங்கோ மாமா. அது போதும்." மாமா தலையாட்டினார். மாமி வெளியே பார்த்துக்கொண்டு வந்தாள்.

உள்ளே மொழிபெயர்க்க ஓர் அம்மாள் இருந்தார். தத்துப் பத்திரம் ஏதாவது உண்டா என்று கேட்டதற்கு, இல்லை என்றார் மாமா. அவனைப் பெற்றவர்கள் அவன் ஊரில் இருக்கிறார்கள், உடம்பு முடியாமல் கல்யாணத்துக்கு வரவில்லை என்பதையும் ஒழுங்காகச் சொன்னார்.

"அப்படியென்றால் இது வெறும் சடங்குதானே?"

ஆமாம் என்று சொல்லும்படி மாமாவுக்குக் கண் காட்டினேன்.

"சடங்குதான். வெறும் சடங்குன்னு சொல்ல மாட்டேன்" என்றார் மாமா. "அக்னி முன்னாடி பிள்ளையா எடுத்துண்டிருக்கேன். ஞாயித்துக்கிழமை ஆனா அவன் ஃபோன் பண்ணுவான்னு என் ஆத்துக்காரி காலம்பறலேர்ந்து ஃபோன் பக்கத்துலேயே உக்காந்துண்டிருப்பா. நீங்க விசா குடுக்கலேன்னா எங்களுக்கு நல்லதுதான். பிள்ளையும் மாட்டுப்பொண்ணும் எங்களோட இங்கேயே இருப்பா."

அந்த அம்மாள் ஒரு வார்த்தை விடாமல் மொழிபெயர்த்தார். மாமாவை அங்கேயே கடித்துக் குதறலாம் போலிருந்தது. "விசா கொடுக்காதே என்று சொல்பவர் பொய் சொல்ல மாட்டார்" என்று அதிகாரி சிரித்தார். பிறகு என் பாஸ்போர்ட்டை வாங்கிக்கொண்டு, சாயங்காலம் வந்து விசாவோடு எடுத்துக்கொண்டு போகச் சொன்னார்.

வெளியே மரத்தடியில் மாமி காத்திருந்தாள். "கெடச்சுடுத்து மாமி" என்று ஓடிப்போய்க் கட்டிக்கொண்டேன். "நல்லதாப் போச்சு" என்று என் முதுகைத் தட்டிக் கொடுத்தாள். பிறகு என் தோளுக்கு மேலாக மாமாவைப் பார்த்து, "அப்போ அவன் இங்க வரமாட்டானா?" என்று மெல்லக் கேட்டாள்.

மாமா ஆட்டோ பிடிக்கப் போனார். அத்தனை நாளும் வராத அழுகை எனக்கு அப்போதுதான் வந்தது.