ஓரகத்தியின் தண்ணீர்

சிவகாசி பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் இருக்கிறது எங்கள் லாட்ஜ். பட்டாசு ஆர்டர் கொடுக்க வரும் வடநாட்டு வியாபாரிகளை நம்பித்தான் நடத்துகிறோம். என் கணவருடைய தம்பி மனைவி நாரணாபுரம் சாலையில் இன்னொரு லாட்ஜ் திறந்தபோது, குத்துவிளக்கை என்னைத்தான் ஏற்றச் சொன்னாள். சொந்தபந்தம் பார்க்கச் சிரித்துக்கொண்டே ஏற்றினேன். வயிறு மட்டும் எரிந்தது.

அவள் கட்டியதே வேறு மாதிரி. மொட்டைமாடியில் விழும் மழை முழுவதும் தரைக்கு அடியில் இருக்கும் தொட்டிக்குப் போகும். குளித்த தண்ணீர் கல்வாழைப் பாத்தி வழியாக வடிந்து தெளிந்து கழிப்பறைகளுக்குப் போகும். வெந்நீருக்கு மாடியில் சோலார். அறையில் பிளாஸ்டிக் பாட்டில் கிடையாது, எவர்சில்வர் கூஜாதான். துண்டை மாற்றவா என்று தங்கியிருப்பவரிடம் கேட்டுவிட்டுத்தான் துவைக்கவே எடுப்பாள்.

"குளிச்ச தண்ணிய வச்சு லாட்ஜ் நடத்துறாளாம்" என்று விசேஷ வீடுகளில் சொல்லிச் சிரித்தேன். கேட்டவர்களும் சிரித்தார்கள். ஆனால் அடுத்த சீசனில், வருஷம் தவறாமல் எங்களிடம் தங்கும் நாக்பூர்க்காரர் அவளிடம் போய் இறங்கினார். எங்கள் வாசலைத் தாண்டி அவருடைய ஆட்டோ போனதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். தம்பி வீட்டில் லாரித் தண்ணீரே வாங்குவதில்லையாம் என்று என் கணவர் சாப்பிடும்போது வியந்து சொன்னார். ரசத்தை வைத்துவிட்டு எழுந்து போய்விட்டேன்.

ஒரு கோடையில் எங்கள் போர் வற்றியது. அன்று முகூர்த்த நாள் வேறு. தண்ணீர் லாரியெல்லாம் கல்யாண மண்டபங்களுக்குப் போய்விட்டது. இந்தூரிலிருந்து வந்த ஒரு கூட்டம் மாடி முழுக்கத் தங்கியிருந்தது. அதில் ஒருவர் தலையில் ஷாம்பு நுரையும் இடுப்பில் துண்டுமாகப் படியிறங்கி வந்து என் முன்னால் நின்றார். என் கணவர் என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல் தம்பிக்குப் போன் போட்டார்.

தம்பி வீட்டு வேன் வந்து எல்லாரையும் ஏற்றிக்கொண்டு போனது. இனி எங்கே திரும்பப் போகிறார்கள் என்று நினைத்தேன். மதியத்துக்குள் எல்லாரும் குளித்து, சாப்பிட்டு, எங்கள் வாசலிலேயே வந்து இறங்கினார்கள். கூடவே கேன் கேனாகத் தண்ணீரும் வந்தது.

பிறகு அவளே போனில் கூப்பிட்டாள். "அங்கனயே தங்கிக்கிறோம்னு கேட்டாக அக்கா. ரூமும் காலியாத்தான் கெடந்துச்சு. அவுக ஒங்க ஆளுக, அது சரிவராதுன்னு அனுப்பி வச்சேன்."

நன்றி சொல்லிப் போனை வைத்தேன். அழுகை வந்தது. அவளுடைய ஆட்கள் இப்படி என் வாசலுக்கு வந்திருந்தால் நான் திருப்பி அனுப்பியிருக்க மாட்டேன். அவளிடம் தண்ணீர் இருந்ததைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். இந்தக் குணமும் அவளுக்கே வாய்த்திருக்க வேண்டுமா?

சில நாள் கழித்து அவள் லாட்ஜைப் பார்க்கப் போனேன். ஏதாவது குறை கண்ணில் படாதா என்றுதான் போனேன். "வாங்கக்கா, சாப்பிட்டீகளா?" என்று கேட்டவள், ஒரு மூலை விடாமல் கூட்டிப்போய்க் காட்டினாள். முதலில் பாத்தியில் வெறும் மண்ணைப் போட்டுவிட்டாளாம். நாற்றம் தாங்காமல் தங்கியிருந்தவர்கள் அறையைக் காலி செய்துகொண்டு போனார்களாம். அன்று அவள் பேசியதில் எனக்கு இனித்தது அது ஒன்றுதான்.

"நீங்க அந்தத் தப்பச் செஞ்சிறாதீக. அடியில ஜல்லி, மேல மணலு. எங்க கொத்தனாரையே அனுப்பி வைக்கிறேன்" என்றாள்.

கட்டப்போகிறேன் என்று நான் சொல்லவே இல்லை. ஆனாலும் கட்டினேன். அவள் அனுப்பிய கொத்தனார்தான் செய்தார், அவள் கொடுத்த கல்வாழைக் கிழங்கைத்தான் நட்டோம். இந்தக் கோடையில் லாரியைக் கூப்பிட வேண்டியிருக்கவில்லை. புதிதாகத் தங்க வந்த ஒருவர் பாத்தியைப் பார்த்துவிட்டு, நாரணாபுரம் சாலை லாட்ஜில் இருப்பது போலவே இருக்கிறதே என்று பாராட்டினார். தலையை மட்டும் ஆட்டினேன்.

எங்கள் ஊரில் ஒரு தெருவில் பெய்யும் மழை அடுத்த தெருவுக்கு வராது. இப்போதெல்லாம் மேகம் கூடினால் மாடிக்குப் போய்விடுகிறேன். எங்கள் குழாயில் தண்ணீர் இறங்கும் சத்தம் நன்றாகத்தான் இருக்கிறது. ஆனாலும் மேற்கே, அவள் பக்கம், இதைவிடக் கனமாகப் பெய்கிறதோ என்று எட்டிப் பார்க்காமல் இருக்க முடிவதில்லை.