ரங்கூன் பக்கம் திருப்பி வைத்த ஆன்டெனா

செவ்வாய்க்கிழமை காலை தண்ணித்துறை மார்க்கெட்டில் கீரைக்கட்டைக் கையில் வைத்துக்கொண்டு நின்றபோது வித்யாவிடமிருந்து போன் வந்தது. செண்பகம் அக்காவின் அண்ணன் மகள் அவள். உடம்புக்கு முடியாமல் இரண்டு வாரமாக அக்கா ஆதம்பாக்கத்தில் அவள் வீட்டில்தான் இருந்தார்.

"ஆன்ட்டி, அத்தை காலைல எழுந்திருக்கவே இல்ல. டாக்டர் வந்து பாத்துட்டார்."

எனக்கு முதலில் வந்தது அழுகை இல்லை, பயம். எங்கள் இருவருக்குள் ஒரு விஷயம் இருந்தது. அவர் அதை யாரிடமும் சொல்லவில்லை. இனி அதை நான் சொன்னால்தான் உண்டு. சொல்லாமல் விட்டால் நல்ல அண்டை வீட்டுக்காரி என்ற பெயரோடு மீதி நாளைக் கழித்துவிடலாம். கீரையைத் திருப்பி வைத்துவிட்டு வெறும் பையோடு வீட்டுக்கு வந்தேன்.

எங்கள் குடியிருப்பில் இருப்பவர்களுக்கும், தூரத்து டிவி சிக்னல்களைத் தேடும் அவருடைய நண்பர்களுக்கும் இதை எழுதுகிறேன். உங்களுக்கு அவரைத் தெரியும். நான் அவருக்குச் செய்தது உங்களுக்குத் தெரியாது.

தொலைபேசி இணைப்பகத்தில் முப்பத்தைந்து வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றபின் செண்பகம் அக்கா மயிலாப்பூரில் எங்கள் கட்டடத்தின் இரண்டாம் மாடிக்கு வந்தார். தனியாகத்தான் வந்தார். சாமான்களோடு பெரிய வயிறு வைத்த பழைய டிவி ஒன்றும் ஏறியது. மறுவாரமே மொட்டை மாடியில் முப்பதடி இரும்புக் குழாயை நிறுத்தி, அதன் உச்சியில் மீன்முள் போல ஒரு ஆன்டெனாவைக் கட்டச் செய்தார். எலக்ட்ரீஷியன் பாஸ்கர் அண்ணாந்து பார்த்துவிட்டுக் கேட்டது இன்னும் காதில் இருக்கிறது.

"இன்னாம்மா இது, ஊரே கேபிள்ல பாத்துக்கினு கீது, நீ இம்மா நீட்டு பைப்பு போட்டு இன்னாத்தப் பாக்கப் போற?"

"காத்துல வரதைப் பாக்கப் போறேன் பாஸ்கர்" என்றார் அக்கா.

அந்தக் குழாய் எங்கள் படுக்கையறைக்கு நேர் மேலே நின்றது. மூன்றாம் மாடியில் கடைசி வீடு எங்களுடையது. என் கணவருக்கு அப்போதுதான் இதய அறுவைச் சிகிச்சை முடிந்திருந்தது. அவர் படுத்திருக்க, கடல் காற்று அடிக்கும்போதெல்லாம் மேலே குழாய் மெல்லிதாக ஊளையிடும். அது சாய்ந்தால் எந்தப் பக்கம் விழும், மின்னல் இறங்கினால் எந்தச் சுவர் வழியாக வரும் என்று நான் தினமும் யோசித்தேன். குடியிருப்போர் சங்கக் கூட்டத்தில் சொன்னேன். "பயப்படாதீங்க மேடம்" என்று சிரித்துக்கொண்டே அடுத்த விஷயத்துக்குப் போனார்கள். பயந்தவளிடம் பயப்படாதே என்று சொல்வதைப் போல எரிச்சல் மூட்டுவது வேறில்லை.

ஒரு சித்திரை மாத விடியற்காலையில் அக்கா என் கதவைத் தட்டினார். "சீக்கிரம் வா மாலதி, போயிடும்." இறங்கிப் போனேன். இருட்டு அறையில் அந்தப் பழைய பெட்டி முழுக்கப் புள்ளிகள் கொதித்துக்கொண்டிருந்தன. பார்த்துக்கொண்டிருக்கும்போதே அதற்குள்ளிருந்து ஒரு மனிதனின் முகம் எழுந்தது. உதடு அசைந்தது, சத்தம் இல்லை. கலைந்தது. மறுபடி வந்து என்னையே பார்த்தது. எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது.

"இலங்கை நியூஸ்" என்றார் அக்கா, குழந்தை போல. "வெயில் காலத்துல கடல் மேல சூடான காத்து மூடி போட்டா மாதிரி உக்காந்துக்கும். சிக்னல் மேல போகாம அதுக்கடியிலயே தவழ்ந்து வந்துடும். முன்னெல்லாம் நம்ம ஊர் டவர் விடாது. இப்ப டிஜிட்டல்னு சொல்லி பழசை நிறுத்திட்டாங்க இல்ல? அந்த சேனல் காலி. பக்கத்துல கத்தறவன் வாயை மூடினாத்தான் தூரத்துல இருக்கறவன் பேசறது கேக்கும்."

அவருக்கு வேண்டியது இலங்கை அல்ல என்பதையும் அன்றுதான் சொன்னார். அவர் ரங்கூனில் பிறந்தவர். ஐந்து வயதில் குடும்பத்தோடு கப்பலேறி சென்னைத் துறைமுகத்தில் இறங்கியவர். பர்மாவின் கடற்கரை ஓரத்துக் கோபுரம் ஒன்றின் ஒளிபரப்பு எப்போதாவது வங்காள விரிகுடாவைத் தாண்டி இந்தக் கரையைத் தொடுமாம். அங்கேயும் டிஜிட்டலுக்கு மாறிக்கொண்டிருந்தார்கள். பழைய கோபுரங்களை ஒவ்வொன்றாக அணைத்துக்கொண்டு வந்தார்கள். அணைப்பதற்குள் ஒருமுறையாவது பிடித்துவிட வேண்டும் என்பதுதான் அவர் ஆசை.

"யூடியூப்ல பாத்துக்கலாமே அக்கா?"

"அது யாரோ எடுத்து வச்சிருக்கறது. இது அங்கேர்ந்து தானா கிளம்பி என் வீட்டுக்கு வரது" என்றார். கொஞ்சம் கழித்து, "அந்த பாஷைல ஒரு வார்த்தைகூட எனக்கு ஞாபகம் இல்ல. ஆனா காதுல விழுந்தா தெரிஞ்சிடும்னு தோணுது" என்றார்.

அந்த ஆசையை முழுதாகத் தெரிந்துகொண்ட பிறகுதான் நான் அதைச் செய்தேன்.

அந்த வாரம் டிவியில் எங்கோ யாரையோ ரகசியக் கருவிகளோடு பிடித்ததாகத் திரும்பத் திரும்பக் காட்டினார்கள். ஒரு நாள் மாடிப்படி ஏறும்போது அக்கா வீட்டிலிருந்து புரியாத மொழி ஒன்று கரகரத்தது. அன்று மதியம் பெரும் காற்று. குழாயின் ஊளையில் என் கணவர் தூக்கத்திலிருந்து பதறி எழுந்து நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். அவருக்கு ஒன்றும் இல்லை. எனக்குத்தான் பயம் அடங்கவில்லை. இன்லேண்ட் கடிதம் ஒன்றில் போலீஸ் ஸ்டேஷனுக்கு எழுதினேன். எங்கள் முகவரியில் ஒரு பெண் தனியாக இருக்கிறார், பெரிய ஆன்டெனா வைத்து வெளிநாட்டு சிக்னல்களை வாங்குகிறார், நோட்டில் குறித்து வைக்கிறார், விசாரிக்கவும். கீழே பெயர் போடவில்லை. லஸ் முனையில் தபால் பெட்டியில் போட்டுவிட்டு, யாராவது பார்த்தார்களா என்று திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே வந்தேன்.

ஆறாம் நாள் காலை இரண்டு காவலர்கள் வந்தார்கள். எந்த சிக்னல் எப்போது வந்தது என்று அக்கா குறித்து வைத்திருந்த நோட்டை எடுத்துக்கொண்டு, ஸ்டேஷனுக்கு வந்து எஸ்.ஐ.யைப் பார்க்கச் சொன்னார்கள். அக்கா நேராக என் வீட்டுக்கு ஏறி வந்தார். முகத்தில் ரத்தமே இல்லை.

"மாலதி, எனக்கு இங்க யாரும் இல்ல. நீ கூட வா."

போனேன். ஆட்டோவில் அவர் என் கையைப் பிடித்துக்கொண்டே வந்தார். அவர் உள்ளங்கை நனைந்திருந்தது, என்னுடையதும்தான். எங்கள் இரண்டு பேருக்கும் இரண்டு விதமான பயம் என்பது அவருக்குத் தெரியாது.

எஸ்.ஐ. இளைஞர், மரியாதையானவர். மேஜை மேல் அந்த நோட்டு திறந்திருந்தது. அதன் ஓரத்தில் நீல நிறத்தில் என் கடிதம். மடித்திருந்தாலும் முதல் வரி வெளியே தெரிந்தது. கட்டடத்தின் அறிவிப்புப் பலகையில் நான்தான் எழுதுவேன். என் எழுத்து அக்காவுக்கு நன்றாகத் தெரியும். அவர் கண் அந்தப் பக்கம் போகக் கூடாது என்று வேண்டிக்கொண்டேன்.

"பிறந்த ஊர் எதும்மா?"

"ரங்கூன்."

எஸ்.ஐ. நிமிர்ந்து பார்த்தார். அந்த ஒரு நொடியில் அக்கா கைப்பையைத் திறந்து, பிளாஸ்டிக் உறைக்குள்ளிருந்து மக்கிப்போன ஒரு அட்டையை எடுத்து மேஜையில் வைத்தார். தாயகம் திரும்பியவர்களுக்கு அந்தக் காலத்தில் கொடுத்த குடும்ப அட்டை. "நாங்க கவர்மென்ட் அழைச்சிட்டு வந்துதான் வந்தோம் சார். நான் இந்த நாட்டுக்காரிதான் சார்" என்றார். யாரும் அவரை அப்படிக் கேட்கவில்லை. அறுபது வயதைத் தாண்டிய பெண், அரசு வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், அந்த அட்டையைத் தினமும் கைப்பையில் சுமந்துகொண்டு திரிந்திருக்கிறார். யாராவது ஒருநாள் கேட்பார்கள் என்ற பயம் அவருக்கு என்றுமே விடவில்லை. கடைசியில் கேட்க வைத்தவள் நான்.

"டிவி பாக்கறது தப்பில்லம்மா" என்றார் எஸ்.ஐ. "ஆனா அக்கம்பக்கத்துல யாரோ பயப்படறாங்க. கொஞ்ச நாளைக்கு அந்தப் பைப்பை இறக்கி வச்சிடுங்களேன்."

அன்று சாயங்காலமே பாஸ்கரைக் கூப்பிட்டு அக்கா குழாயை இறக்கிவிட்டார். என் வீட்டுக்கு மேலே அமைதியானது. ஆனாலும் எனக்குத் தூக்கம் வரவில்லை.

மூன்று வாரம் கழித்து அவர் போனை எடுத்துக்கொண்டு மேலே வந்தார். விசாகப்பட்டினத்து நண்பர் ஒருவர் சிக்னல் தேடுபவர்களின் குழுவில் ஒரு படம் அனுப்பியிருந்தார். புள்ளிகளுக்கு நடுவே வட்ட வட்டமான எழுத்துகள், ஒரு பெண்ணின் முகம். "பர்மா வந்துடுச்சு. அதுவும் ரெண்டு மணி நேரம். இதுதான் கடைசியாம், அந்த டவரை நிறுத்திட்டாங்களாம்" என்றார். பிறகு என் தோளில் கை வைத்தார். "பரவால்ல விடு. அன்னிக்கு நீ மட்டும் கூட வரலன்னா நான் ஸ்டேஷன்லயே விழுந்திருப்பேன்."

அதை என்னால் தாங்க முடியவில்லை. நல்ல மனசால் சொன்னேன் என்று நினைக்காதீர்கள். அவருக்கு ஏற்கெனவே தெரிந்திருக்கும், என்னைச் சோதிக்கிறார் என்ற பயத்தில்தான் வாய் திறந்தேன்.

"அந்த லெட்டர் நான்தான் எழுதினேன் அக்கா."

அவருக்குத் தெரிந்திருக்கவில்லை. அவர் முகத்தைப் பார்த்த உடனே அது எனக்கு விளங்கிவிட்டது. கையை என் தோளிலிருந்து எடுத்தார். "எதுக்கு?" என்றார்.

"பயமா இருந்தது."

"எனக்கு இல்லையா?" என்று மட்டும் கேட்டுவிட்டுப் படி இறங்கினார்.

எட்டு மாதம் அவர் என்னோடு பேசவில்லை. படியில் எதிரே வந்தால் சுவரோடு ஒதுங்கி வழிவிடுவார். எந்த நிமிடம் எல்லோரிடமும் சொல்லிவிடுவாரோ என்று நான் ஒவ்வொரு நாளும் நடுங்கினேன். அவர் சொல்லவில்லை. சங்கத்தில் இருப்பவர்களுக்கு இன்றுவரை, இதைப் படிக்கும்வரை, தெரியாது.

மழைக்காலம் முடிந்து தை மாதம் ஒரு மாலை அவரே வந்து வாசலில் நின்றார். உள்ளே வரவில்லை.

"பைப்பை மறுபடி ஏத்தறேன். இந்தத் தடவை உன் ரூமுக்கு மேல இல்ல, தண்ணித் தொட்டி பக்கம். பாஸ்கருக்கு இன்னொரு ஆள் வேணும். நீ வந்து ஸ்டே கம்பியைப் பிடி. பயமா இருந்தா எம் மூஞ்சிக்கு நேரா சொல்லு, லெட்டர் எழுதாத."

மொட்டை மாடிக்கு நான் அதுவரை சரியாகப் போனதே இல்லை. உயரம் எனக்கு ஆகாது. குழாயை மூன்று பக்கமும் இழுத்துக் கட்டும் கம்பிகளில் ஒன்றை என் கையில் கொடுத்துவிட்டு, பாஸ்கர் அடியில் நின்று நிமிர்த்தினார். பாதி எழும்பியபோது காற்று திரும்பியது. முப்பதடி இரும்பும் என் தலைக்கு மேலே வளைந்து ஆடியது. கம்பி கைக்குள் வழுக்கியது.

"வுட்றாதம்மா! வுட்டா கீய தெருவுல போறவன் மேலதான் வுயும்!" என்று பாஸ்கர் கத்தினார்.

"பயமா இருக்கு அக்கா, பயமா இருக்கு!" என்று நானும் கத்தினேன்.

"எனக்கும்தான்! பிடிச்சுக்கோ!" என்று எதிர்ப்பக்கத்திலிருந்து அவர் குரல் வந்தது. குழாயைத் தாண்டி அவரைப் பார்த்தேன். புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு, கண்ணை இறுக்க மூடி, இரண்டு கையாலும் கம்பியைப் பிடித்துக்கொண்டிருந்தார். கொக்கியில் மாட்டி முடிக்கும்வரை இருவரும் விடவில்லை. கீழே வந்தபின் என் உள்ளங்கைக் கீறலுக்கு அவரே மஞ்சள் வைத்தார். "மன்னிச்சிட்டேன்னு நினைச்சுக்காத. அது இன்னும் வரல" என்றார்.

பழைய கோபுரம் போய்விட்டதால் பழைய பெட்டியால் பயனில்லை. ரிச்சி தெருவில் சின்ன டிஜிட்டல் பெட்டி ஒன்று வாங்கி வந்தார். "இதுல புள்ளி கிள்ளி ஒண்ணும் கிடையாது. வந்தா முழுசா வரும், இல்லன்னா ஒண்ணுமே வராது" என்றார். பங்குனியும் சித்திரையும் ஒன்றும் வரவில்லை. வைகாசியில் ஒரு காலை, ஏழு மணி இருக்கும், அவர் என்னைக் கூப்பிட்ட குரலில் இருந்தது சந்தோஷம் இல்லை, கலவரம்.

திரை முழுக்கத் தெளிவாக ஒரு பர்மியப் பெண் சமைத்துக்கொண்டிருந்தாள். பக்கத்து வீட்டில் நின்று பேசுவது போல இருந்தது. அக்கா தரையில் உட்கார்ந்து, திரைக்கு மிக அருகே முகத்தை வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தார். ஏழெட்டு நிமிடம். பிறகு படம் கட்டம் கட்டமாக உடைந்து, உறைந்து, இருண்டுவிட்டது.

அவர் கம்பியைப் பிடுங்கி மறுபடி செருகிப் பார்த்தார். திரும்பியபோது கண் கலங்கியிருந்தது.

"ஒண்ணுமே புரியல மாலதி. ஒரு வார்த்தைகூடத் தெரியல. இத்தனை வருஷமா தெரியும்னு நினைச்சிட்டிருந்தேன்." கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். "இந்தப் புரியாததுக்காகத்தான் இத்தனை நாள் உன் மேல கோவமா இருந்தேன்."

மன்னித்துவிட்டதாக அன்றும் சொல்லவில்லை. பிறகும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. ஆனால் அன்றிலிருந்து தினமும் காலைக் காபி அவர் வீட்டில்தான்.

அந்தச் சமையல்காரி ஏதோ ஒன்றை வாணலியில் போடும்போது இரண்டு முறை சொன்ன ஒரு சொல்லை அக்கா பிடித்து வைத்துக்கொண்டார். காபி ஆற்றும்போதும் துணி உலர்த்தும்போதும் அதைச் சொல்லிப் பார்ப்பார். என்னையும் சொல்லச் சொல்லித் திருத்துவார். சரியா தவறா என்று எங்கள் இருவருக்கும் தெரியாது. அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியிருப்பது அதுதான். உப்பாக இருக்கலாம், வெங்காயமாக இருக்கலாம், வெறும் 'போதும்' என்பதாகவும் இருக்கலாம். பர்மா பஜாரில் யாரையாவது கேட்டால் ஒரு நிமிடத்தில் சொல்லிவிடுவார்கள். போகப் பயமாக இருக்கிறது. நேற்றும் இன்றும் அடுப்படியில் அதை வாய்விட்டுச் சொன்னேன்.