முட்டாமல் சுற்றும் குமிழ்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் படித்தது அஞ்சாம் கிளாஸ். எழுத்து கோணல்மாணலாக இருக்கும். முன்னால் வர வேண்டியது பின்னால் வரும், சிலது மறந்தே போயிருக்கும். நாலு பேர் இருக்கிற இடத்தில் வாயைத் திறக்கவே எனக்குக் கூச்சம். பழைய ரேடியோ வேலை கற்றுக்கொள்கிற பிள்ளைகள், "நீங்க செஞ்சதை எழுதிக் குடுங்கம்மா, நாங்க படிச்சுக்கறோம்" என்று கேட்டார்கள். ட்யூனிங் சாமானும் சுவிட்சும் எப்படி க்ளீன் பண்ணுவது என்று மட்டும் எழுதத்தான் உட்கார்ந்தேன். ஆனால் போன வருஷம் ஒரு பெட்டிக்கு நடந்தது மனசை விட்டுப் போகமாட்டேன் என்கிறது. அதையும் எழுதிவிடுகிறேன்.

1. முதல் நாள்

மயிலாப்பூரில் குளத்துக்குப் பின்னால் ஒரு சந்தில் ரேடியோ ரிப்பேர் கடை. வீட்டுக்காரர் தவறிப்போன வருஷம் அங்கே பெருக்கித் துடைக்கச் சேர்ந்தேன். மேஜை மேல் ஒரு வால்வு ரேடியோ திறந்து கிடந்தது. உள்ளே அவ்வளவு தூசி. ஈரத்துணியைப் பிழிந்துகொண்டு கிட்டே போனேன். மெக்கானிக் தாஸ் துள்ளி எழுந்தான்.

"யக்கா! இன்னா பண்ணப் போறே? அது இன்னா தோசைக்கல்லா?"

எனக்கு அழுகையே வந்துவிட்டது. முதலாளி சிரித்தார். "தூசியப் பாத்தா உன்னால சும்மா இருக்க முடியல, இல்ல? அப்ப இதுதான்மா உனக்கு வேலை. தாசு, அவங்க கையில பிரஷ்ஷக் குடு."

அன்றிலிருந்து துடைப்பம் வேறு ஆளுக்குப் போயிற்று. எனக்கு பிரஷ்.

2. செய்கிற விதம்

ட்யூனிங்குக்கு முக்கியமான சாமான் கேங் கண்டன்சர். கடையில் கேங் என்போம். அலுமினியத் தகடுகள் வரிசையாக நிற்கும். குமிழைத் திருகத் திருக இன்னொரு வரிசைத் தகடு அந்த இடுக்குகளுக்குள் போய் வெளியே வரும். ஒன்றை ஒன்று தொடவே கூடாது. தொட்டால் அந்த இடத்தில் ஸ்டேஷன் செத்துப்போகும், கர்ர் என்று சத்தம்தான் வரும். இங்கே காற்றில் உப்பு. பெசன்ட் நகர், கொட்டிவாக்கம் பக்கத்துப் பெட்டியைத் திறந்தால் தகடெல்லாம் வெள்ளையாகப் பூத்திருக்கும்.

முதலில் காய்ந்த பிரஷ்ஷால் தூசியை எடுக்க வேண்டும். அப்புறம் கல்யாணப் பத்திரிகையைப் பட்டையாக வெட்டி, ஸ்பிரிட்டில் நனைத்து, ஒவ்வொரு இடுக்கிலும் விட்டு இழுக்க வேண்டும். அழுத்தக் கூடாது. கோடியில் இருக்கிற தகட்டில் வெட்டு வெட்டாக இருக்கும். அதை அளவு பார்த்து வளைத்து வைத்திருப்பார்கள். கோணலாக இருக்கிறதே என்று நிமிர்த்திவிடாதீர்கள். அச்சு சுற்றுகிற இடத்தில் பழைய கிரீஸ் கறுத்து இறுகியிருக்கும், அதை வழித்துவிட்டுப் புதுசு வையுங்கள்.

மீடியம் வேவ், ஷார்ட் வேவ் மாற்றுகிற பேண்ட் சுவிட்சின் பாயிண்ட்டுகளில் வெள்ளிப்பூச்சு கறுத்துப்போயிருக்கும். உப்புத்தாள் போட்டால் பூச்சே போய்விடும். காண்டாக்ட் க்ளீனர் ஒரு சொட்டு, பஞ்சு, அவ்வளவுதான். வால்யூம் கண்ட்ரோல் கரகரத்தால் ஒரு சொட்டு விட்டு இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரைக்கும் திரும்பத் திரும்பத் திருகுங்கள், அடங்கும். டயல் கண்ணாடியின் பின்பக்கம் ஈரம் படவே கூடாது, ஸ்டேஷன் பெயரெல்லாம் துணியோடு வந்துவிடும்.

இத்தனையும் செய்து பெட்டியை மூடினால் பார்க்கிறவர்களுக்கு ஒரு வித்தியாசமும் தெரியாது. திருகுகிற கைக்கு மட்டும் தெரியும்.

3. ராகவன் சார்

லஸ் பக்கம் பழைய வீடு ஒன்றில் ராகவன் சார் இருந்தார். மரப்பெட்டி வால்வு ரேடியோ. கடைக்கு ரொம்ப நாள் வாடிக்கை. மனைவி இல்லை. மகள் மாலதி அம்மா அடையாறில். பகலில் பார்த்துக்கொள்ள ஒரு பெண் வரும். கண்ணில் பிரஷர் ஏறி அவருக்குப் பார்வை ஓரத்திலிருந்து சுருங்கிக்கொண்டே வந்து, கடைசியில் வெளிச்சம் மட்டும்தான் தெரிந்தது.

டயல் முள் தெரியாமல் போனபோது ட்யூனிங் குமிழின் ஓரத்தில் பசையால் மிளகு அளவுக்கு ஒரு மேடு வைத்துக் கொடுத்தேன். இடது கோடியில் முட்டுகிற வரைக்கும் திருகுவார். அங்கிருந்து சுற்று எண்ணிக்கொண்டே வருவார். மேடு உச்சிக்கு வந்து நிற்கும்போது சென்னை ஸ்டேஷன். கோடியில் முட்டின பிறகும் இறுக்கித் திருகினால் உள்ளே குமிழையும் கேங்கையும் சேர்க்கிற டயல் நூல் வழுக்கிவிடும், கணக்கு மாறிவிடும். அப்போது எனக்கு போன் வரும்.

"சரசு, சென்னை நகந்துடுத்து. யாரோ தூக்கிண்டு போய்ட்டா. வந்து கொண்டு வை."

போய், குமிழின் திருகாணியைத் தளர்த்தி, ஸ்டேஷனைப் பிடித்து, மேட்டை மேலே கொண்டுவந்து இறுக்கிவிட்டு வருவேன். "மெதுவா முட்டுங்க சார், குஸ்தி போடாதீங்க" என்பேன். அவரிடம் மட்டும் எனக்குப் பேச்சு வரும்.

ஒரு தடவை, "பொண்ணு வாங்கிக் குடுத்த போன் இருக்கே சார், அதுல பாட்டு கேக்கலாமே" என்று கேட்டேன்.

"அதைத் தடவித் தடவிப் பாக்கறேன். கண்ணாடித் தட்டாட்டம் இருக்கு. எங்க தொட்டாலும் ஒரே மாதிரி." கையைக் குமிழுக்குக் கொண்டுபோனார். "சட்டை ஒருத்தர் போட்டு விடறா. சாதம் ஒருத்தர் பிசைஞ்சு தரா. கார்த்தாலேர்ந்து எல்லாம் யாரோ பண்றது. இந்த ஆத்துல நானே பண்ணிக்கறது இது ஒண்ணுதான் சரசு."

4. சோப்புத் தண்ணீரில்

முதலாளி காலமாகிக் கடை மூடின பிறகு பட்டினப்பாக்கத்தில் என் வீட்டிலேயே உட்கார்ந்து வேலை செய்கிறேன். தாஸ் தி.நகரில் ஒரு கடைக்குப் போய்விட்டான். பழைய ரேடியோவை ஹாலில் வைக்கிற அலங்காரச் சாமானாக மாற்றிக் கொடுக்கிற கடை. போன வருஷம் ஒருநாள் ஒரு பையைக் கொண்டுவந்து கொட்டினான். குமிழ்கள். கடையில் நாப் என்போம்.

"யக்கா, கொஞ்சம் பொட்டி கீது. உள்சாமானெல்லாம் தூக்கிட்டோம். ப்ளூடூத் போர்டு ஒண்ணு, ஸ்பீக்கர் ஒண்ணு, மேட்டர் முடிஞ்சுது. நீ நாபும் டயல் கிளாஸும் பளபளன்னு பண்ணிக் குடு."

"அப்போ நாபைத் திருகினா என்ன ஆகும் தாசு?"

"இன்னா ஆவும்? சுத்தும்."

சிரித்துக்கொண்டே டீ குடித்தான். நான் பேசினில் சோப்புத் தண்ணீர் விட்டு ஒவ்வொன்றாகத் தேய்த்தேன். ஒரு குமிழில் கட்டைவிரலில் ஏதோ இடித்தது. மிளகு அளவு மேடு. தண்ணீரிலிருந்து எடுத்துப் பார்த்தேன்.

"இது யார் பெட்டி?"

"அட்யார்ல ஒரு அம்மா குட்த்துச்சு. அப்பாவுக்கு எம்பதாவது பர்த்டேவாம், சர்ப்ரைஸாம். அந்தப் பிசிறச் சுரண்டிடுக்கா, அசிங்கமா கீது."

"பிசிறு இல்ல தாசு. அது நான் வெச்சது. இது ராகவன் சார் பெட்டி."

அவன் டீ டம்ளரைக் கீழே வைத்தான். "எனக்கு இன்னாக்கா தெரியும்? எத்தினி பொட்டி வர்து, மேல பேரா எழுதிக்கீது?"

அப்படியே அவனோடு தி.நகருக்குப் போனேன். உள்சாமானை எல்லாம் காயலான் கடைக்கு மூட்டை கட்டி வைத்திருந்தார்கள். அவிழ்த்துப் பார்த்தேன். வால்வுகள் ஏற்கெனவே போய்விட்டன. காயிலைப் பிய்த்துச் செம்புக் கம்பியை உருவியிருந்தார்கள். எல்லாவற்றையும் தாங்குகிற இரும்புத் தட்டு, சேசிஸ், வளைந்து கிடந்தது. கேங் மட்டும் முழுசாக இருந்தது. சக்கரத்தில் டயல் நூல் ஒரு துண்டு தொங்கியது. அதில் எப்போதோ நான் போட்ட முடிச்சு.

"இத்த வெச்சிகினு இன்னா பண்ணப் போறே? கொழம்பா வெக்கப் போறே?" என்றான் தாஸ். ஆனால் அவனேதான் அதைக் காகிதத்தில் சுற்றிக் கொடுத்தான்.

5. அடையாறில்

மாலதி அம்மா வீட்டு வாசலில் ரொம்ப நேரம் நின்றுவிட்டுத்தான் மணியை அடித்தேன். வரும் வழியெல்லாம் பஸ்ஸில் சொல்லிப் பார்த்ததில் பாதிதான் வாயில் வந்தது. சாருக்கு அந்தக் குமிழ் வேண்டும், அது எதிலாவது மாட்டியிருக்க வேண்டும் என்று சொன்னேன்.

அவர்கள் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் தேவலை. கையைப் பிடித்து உட்கார வைத்தார்கள்.

"சரசம்மா, உங்களுக்குத் தெரியாததா? அதுல பாதி நேரம் உய்ங்னு சத்தம்தான். அக்கம்பக்கத்துல இந்த எல்.இ.டி. விளக்கெல்லாம் வந்தப்புறம் ஒண்ணுமே சரியாக் கேக்கறதில்ல. அவர் அதைத் திருகிண்டே உக்காந்திருக்கறதைப் பாத்தா எனக்குத் தாங்கறதில்ல. இப்போ அவரைப் பாத்துக்கற பொண்ணு போன்ல எந்தப் பாட்டு வேணும்னாலும் போட்டுடுவா. அப்பா கையையே தூக்க வேண்டாம்."

"அவருக்குக் கையைத் தூக்கணும்மா" என்றேன்.

அவர்களுக்குக் கண் கலங்கிவிட்டது. "நாளைக்கு எல்லாரும் வரா. இனிமே என்ன பண்ண முடியும்? சொல்லுங்கோ."

என் பையில் கேங் கனத்துக்கொண்டிருந்தது. ஒன்றும் பண்ண முடியாதுதான். கேங் ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு பெட்டி பாடாது. காபி கொடுத்தார்கள், குடித்துவிட்டு வந்தேன். மேட்டைச் சுரண்டாமல் குமிழைத் தாசிடம் கொடுத்தேன். அவ்வளவுதான் என்னால் ஆனது.

6. சென்னை நகர்ந்துவிட்டது

பிறந்தநாள் முடிந்து சில நாளில் போன் வந்தது.

"சரசு, சென்னை நகந்துடுத்து. இந்தத் தரம் ரொம்ப தூரம் போய்ட்டா."

போனேன். பெட்டி புதுப் பாலிஷில் மின்னியது. டயலுக்குப் பின்னால் விளக்கு எரிந்தது. முள்ளை நடுவில் ஒட்டி வைத்திருந்தார்கள். போனில் போட்ட வீணை பெட்டிக்குள்ளிருந்து வந்துகொண்டிருந்தது, துல்லியமாக. அவர் அந்தப் பெண்ணிடம் அதை நிறுத்தச் சொன்னார். பிறகு குமிழைப் பிடித்து, நான் சொல்லிக் கொடுத்தபடியே, மெதுவாக இடப்பக்கம் திருகினார். மேடு உச்சிக்கு வந்தது, இறங்கியது, மறுபடி வந்தது, மறுபடி இறங்கியது.

"பாரு, முட்டவே மாட்டேங்கறது. நூல் அறுந்துடுத்தோ? சர்வீஸுக்கு உங்கிட்டதானே வந்தது?"

மழுப்பலாம். ஆனால் அவர் தன் கையில்தான் கோளாறு என்று நினைத்துக்கொண்டு திருகிக்கொண்டே இருப்பார்.

"எங்கிட்ட நாப் மட்டும்தான் சார் வந்துது. உள்ள கேங் இல்ல. நூல் இல்ல. ஒண்ணுமே இல்ல. விளக்குதான் எரியுது."

"அப்போ நான் திருகறது?"

"சும்மா சுத்துது சார்."

கையை எடுக்காமல் இருந்தார். "மாலதிக்குத் தெரியுமா?"

"தெரியும் சார். நல்லதுக்குன்னுதான் செஞ்சாங்க."

பையிலிருந்து கேங்கை எடுத்து அவர் உள்ளங்கையில் வைத்தேன். அச்சை விரலால் பிடித்துத் திருப்பினார். தகடுகள் உள்ளே போயின, வெளியே வந்தன. கோடிக்குப் போனதும் நின்றது.

"முட்டறது" என்றார். முகத்தில் ஒரு நிமிஷம் பழைய ராகவன் சார் வந்தார். இன்னொரு தடவை திருப்பினார், மெதுவாக, குஸ்தி போடாமல். அப்புறம் என்னிடமே நீட்டினார்.

"எடுத்துண்டு போய்டு. மாலதி பாத்தா மனசு கஷ்டப்படுவா. நான் கேட்டேன்னும் சொல்லாதே. குழந்தை ஆசையாப் பண்ணிருக்கா."

கையை மடியில் வைத்துக்கொண்டார்.

7. அதற்கப்புறம்

அதே மாடல் பெட்டி கிடைக்குமா என்று தாஸ் தெரிந்த இடமெல்லாம் தேடினான், கிடைக்கவில்லை. வேறு பெட்டி தருகிறேன் என்று போனில் சொன்னேன். "வேண்டாம் சரசு, அதுக்கு வேற கணக்கு ஆரம்பத்துலேர்ந்து கத்துக்கணும்" என்றார். பிறகு அவரிடமிருந்து போனே வரவில்லை. நானாக ஒரு தடவை போனேன். பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. கை மடியில் இருந்தது. குமிழ் மேல் தூசி. அந்தப் பெண் வாசல் வரை வந்து, "தாத்தா முன்ன மாதிரி இல்லம்மா, இப்பல்லாம் அடமே பிடிக்கறதில்ல" என்று சந்தோஷமாகச் சொல்லிற்று.

கேங் என் வீட்டு அலமாரியில் இருக்கிறது. கடல் காற்றில் தகடு வெள்ளையாகப் பூக்கும். துடைத்து வைப்பேன். மறுபடியும் பூக்கும். எதற்காகத் துடைக்கிறேன் என்று எனக்கே தெரியவில்லை.

பிள்ளைகளே, நான் கற்றுக்கொண்டது ஒன்றுதான். திருகாணியில் கை வைப்பதற்கு முன்னால் இந்தப் பெட்டியை யார் திருகுகிறார்கள் என்று கேளுங்கள். வாங்கிக்கொண்டு வருகிறவரைக் கேட்டால் போதாது, திருகுகிறவரைக் கேளுங்கள். கேட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று நான் சொல்லமாட்டேன். எனக்கு ஆகவில்லை.

இதை யாராவது ஒரு தடவை சரிபார்க்க வேண்டும். சாமான் பெயரெல்லாம் காதால் கேட்டது, தப்பாக எழுதியிருப்பேன், தாசுக்குத் தெரியும். லஸ் வீட்டையும் அவன் காட்டுவான். அந்தப் பக்கம் போகிறவர்கள் உள்ளே ஒரு நிமிஷம் எட்டிப் பாருங்கள். சார் கையை மடியில் வைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருக்கிறார் என்று எழுதியிருக்கிறேன். அது தப்பாக இருந்தால் அந்த வரியை அடித்துவிடுங்கள்.