குசினியில் கேட்ட மெட்டு

அம்மாவின் பாட்டுக்கு வார்த்தைகள் கிடையாது. வாயைத் திறக்காமல், தொண்டைக்கும் மூக்குக்கும் நடுவே எங்கேயோ அதை வைத்திருந்தாள். பீலித் தண்ணீரில் குடம் நிறையும்போது, ரொட்டிக்கு மா பிசையும்போது, மலையில் தேயிலைக் கொழுந்து எடுக்கும்போது, எப்போதும் ஒரே மெட்டு. ஏறும், ஏறிய இடத்தில் கொஞ்சம் நிற்கும், இறங்கும், மறுபடி ஏறும். எல்கடுவ மலைக்கு வரும் பஸ்ஸைப் போல. அதற்கு வார்த்தைகள் இருக்கக்கூடும் என்று எனக்குத் தோன்றியதே இல்லை. மழைக்கு வார்த்தை உண்டா என்ன?

வார்த்தைகள் இருந்தன. அம்மா வேதக்காரக் குடும்பத்துப் பெண், கிறிஸ்தவள். தோட்டத்தின் கீழ் டிவிசனில், தகரக்கூரை போட்ட சின்ன வேதக்கோயிலில் பாடி வளர்ந்தவள். அப்பா மாரியம்மனுக்குக் காவடி எடுக்கிற வீட்டுப் பிள்ளை. தாய் தகப்பன் போனபின் அவரை ஆளாக்கியது அவருடைய அக்கா, அதாவது எங்களோடு அதே லயக் காம்பரா அறையில் இருந்த அத்தை. கல்யாணத்துக்கு முன் அத்தை வைத்த நிபந்தனை ஒன்றே ஒன்று: வேதக்கோயில் பாட்டை இனிப் பாடக் கூடாது. வேதப்புத்தகம் தகரப்பெட்டிக்குள் கிடக்கட்டும், அது சத்தம் போடாது. பாட்டுத்தான் ஆளை இழுக்கும் என்பது அத்தையின் கணிப்பு. இந்த விஷயத்தில் அவள் போதகர்களைவிடத் தெளிவாக இருந்தாள்.

அம்மா எரிகிற கற்பூரத்தை உள்ளங்கையால் அணைத்துச் சத்தியம் செய்தாள். செய்தபடியே நடந்தாள். ஒரு வார்த்தைகூட வெளியே வரவில்லை. மெட்டைப் பற்றி யாரும் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை.

இதெல்லாம் பின்னால் தெரிந்தவை. ஒன்பது வயதில் எனக்குத் தெரிந்தது, ஆடி வெள்ளிப் பூசையில் நான் அம்மன் பாட்டுப் பாட வேண்டும் என்பது மட்டும்தான். அத்தையின் ஏற்பாடு. பள்ளிக்கூடத்தில் எழுதிக்கொடுத்த பாட்டு மனப்பாடமாகியிருந்தது. மெட்டு மட்டும் ஊதி அணைத்த விளக்குப்போல எங்கேயோ போய்விட்டது. கோயிலில் எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் கண்ணை மூடினேன். கையில் இருந்த ஒரே மெட்டில் வார்த்தைகளைப் போட்டேன். அளவெடுத்துத் தைத்த சட்டைபோல அது பொருந்தியது.

அம்மா பின்வரிசையில் இருந்தாள். அவள் முகத்தை நான் பார்க்கவில்லை. அத்தையைப் பார்த்தேன். அத்தை அழுதுகொண்டிருந்தாள். முந்தானையால் கண்ணைத் துடைத்து, பக்கத்தில் இருந்தவளிடம், “அம்மாளே எறங்கி வந்த மாதிரி இல்ல?” என்றாள்.

அதற்குள், கீழ் டிவிசனிலிருந்து வாக்கப்பட்டு வந்த ஒருத்தி சிரித்துவிட்டாள். “என்னாங்க இது, எங்க ஊரு வேதக்கோயில் மெட்டுல அம்மனக் கூப்புடுறீங்க? அம்மாளுக்கு வழி மாறிப் போயிறப் போவுது!”

சிரிப்பு வரிசை வரிசையாகப் பரவியது. அத்தையின் கன்னத்தில் கண்ணீர் இன்னும் காயவில்லை. அழாமல் இருந்திருந்தால் அவள் மன்னித்திருக்கலாம்.

வீட்டுக்கு வந்ததும் கதவைச் சாத்தினாள். “கற்பூரத்த அணைச்ச கைதான அது? தம்பி, ஒண்ணு அவ இங்க இருக்கட்டும், இல்ல நான் இருக்கேன்.”

“நான் ஒரு வார்த்த பாடலைங்க மதினி” என்றாள் அம்மா.

“வார்த்த இல்லாட்டி? பாம்புக்குந்தான் காலு இல்ல. வீட்டுக்குள்ள வரலையா?”

அப்பா தேயிலைச் செடி வெட்டும் கவ்வாத்துக் கத்தியைத் தீட்டிக்கொண்டிருந்தார். அது ஏற்கெனவே கூராகத்தான் இருந்தது. கடைசியில் அம்மாவே வழக்கை முடித்தாள். இனி முனகவும் மாட்டேன் என்றாள். கற்பூரம் கேட்கப்படவில்லை.

அம்மாவைப் பெட்டியோடு கீழ் டிவிசனுக்கு அனுப்பிவிடுவார்கள், என்னால்தான் அனுப்புவார்கள் என்று எனக்கு உறுதியாகத் தெரிந்தது. பள்ளிக்கூடம் விட்டு ஓடிவந்ததும் முதலில் கட்டிலுக்கு அடியில் குனிந்து தகரப்பெட்டி இருக்கிறதா என்று பார்ப்பேன். பெட்டி இருந்தது. அம்மாதான் இல்லாத மாதிரி இருந்தாள். குடம் நிறைந்து வழிந்தாலும் பார்த்தபடி நின்றாள். ரொட்டி ஒருபக்கம் கருகியது. மலையில் அவள் கை பின்தங்குகிறது என்று நிரையில் பக்கத்தில் நிற்பவர்கள் சொன்னார்கள். அந்த மெட்டுத்தான் இவ்வளவு நாளும் அவளுடைய விரல்களை நடத்திக்கொண்டிருந்தது போலும். வீடு அவ்வளவு அமைதியாகிவிட்டது. காற்று வாக்காக இருந்தால் உக்குவளை ஸ்டேசனில் கோச்சி கூவுவதுகூடக் கேட்கிறது என்றார் அப்பா.

இரண்டு வாரம் இப்படி. ஒரு சனிக்கிழமை மத்தியானம் அம்மா விறகு அடுக்கிக்கொண்டிருந்தாள். அத்தை குசினி அடுப்படியில் சுளகை மடியில் வைத்து அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். சுளகின் தட்டுக்கு ஏற்றபடி ஒரு சத்தம் வந்தது. ஏறியது, நின்றது, இறங்கியது. அம்மா விறகோடு அப்படியே நின்றுவிட்டாள். நான் அம்மாவின் உதட்டைப் பார்த்தேன். அது அசையவில்லை.

முனகியது அத்தை.

எங்கள் மௌனம் அவளுக்குத் தாமதமாகத்தான் எட்டியது. சுளகு நின்றது. அத்தை எங்களை ஒவ்வொருவராகப் பார்த்தாள், நாங்கள்தான் அதை அவள் வாயில் திணித்ததுபோல. வாசலில் இருந்த அப்பாவுக்கு இருமல் வந்தது.

“சனியன் புடிச்ச மெட்டு” என்றாள் அத்தை. “ஒட்டிக்கிட்டு விடமாட்டேங்குது.” பிறகு அரிசியைப் பார்த்துக்கொண்டே, அம்மாவிடம்: “நாளைக்கு ஞாயித்துக்கெழமதான? போயி அங்கயே வாய்விட்டுப் பாடித் தொலைச்சிட்டு வா. இந்த வீட்டுக்குள்ள வார்த்த மட்டும் வேணாம்.”

மறுநாள் நானும் போனேன். வேதக்கோயிலில் முப்பது பேருக்கு ஒரு பாட்டுப்புத்தகம்தான். அது உபதேசியார் கையில் இருந்தது. அவர் ஒரு வரியை வாசித்து நிறுத்துவார். ஒரு மூச்சு இடைவெளி. பிறகு சனம் அந்த வரியை எடுத்துப் பாடும். அவர் அடுத்த வரியைக் கொடுப்பார். வாசிக்கத் தெரியாதவர்களும் அப்படித்தான் முழுப்பாட்டையும் தாண்டினார்கள், ஆற்றில் கல்லுக்குக் கல் கால் வைத்துப்போவதுபோல.

அந்த மெட்டு வந்தது. அம்மா வாயைத் திறந்தாள், சத்தம் வரவில்லை. இரண்டாம் வரிக்கும் வரவில்லை. பத்து வருடம் மூடியிருந்த கதவு, துருப்பிடித்திருக்கும். மூன்றாவது சரணத்தில் திடீரென்று வந்தது, கரகரத்து, சுதி விலகி, உபதேசியார் வரியைக் கொடுப்பதற்கும் முன்னால். அவர் வாசிப்பதை நிறுத்திவிட்டு அவளுக்கு வழிவிட்டார். சனம் அவளுக்குப் பின்னால் பாடியது. தலைக்குமேல் தகரம் அதிர்ந்தது. பாட்டு, இருட்டில் கையைப் பிடித்துக்கொள்ளச் சொல்லிக் கேட்கிற மிகச் சாதாரணமான பாட்டு. இதற்கா இத்தனை ரகளை என்று எனக்குப் பட்டது. அம்மாவின் கழுத்து நனைந்திருந்தது. எனக்கு வெட்கமாக இருந்தது, அவளுக்கு இல்லை.

வீட்டு வாசலில் அத்தை நின்றாள். “பாடியாச்சா?”

“பாடியாச்சுங்க மதினி.”

அவ்வளவுதான் பேச்சு.

அதற்குப் பிறகு குசினியில் மெட்டு திரும்பி வந்தது, ஆனால் பழையபடி இல்லை. அம்மா ஒரு வரி முனகி நிறுத்துவாள். ஒரு மூச்சு நேரம் ஒன்றும் இருக்காது. சுளகுப் பக்கமிருந்து அத்தை அதே வரியை எடுப்பாள். அவள் முடித்ததும் அம்மா அடுத்ததைத் தொடங்குவாள். ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கமாட்டார்கள். சேர்ந்து முனகியதும் இல்லை.

சண்டை இன்னும் ஓயவில்லை, அம்மா வாயிலிருந்து அத்தை மெட்டைப் பிடுங்குகிறாள் என்று நான் அப்பாவிடம் புகார் சொன்னேன். அப்பா கத்தி தீட்டுவதை நிறுத்தினார். குசினிப் பக்கம் காதைச் சாய்த்து வெகுநேரம் கேட்டார்.

“ஆமா, பெரிய சண்டதான்” என்றார்.

நான் நம்பினேன். போய்க் கட்டிலுக்கு அடியில் குனிந்து, பெட்டி இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டேன்.