கத்தரிப்பூ நிறக் கார்

மெஹருன்னிசா அக்கா போய்விட்டார் என்ற செய்தி எனக்குத் தொலைபேசியில்தான் வந்தது. அம்பத்தூர் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் பக்கத்துப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து, ஊராரின் நல்லது கெட்டதையெல்லாம் இணைத்துக் கொடுத்தவர்கள் நாங்கள். அவருடைய மகள் பர்வீன், "வசந்தாம்மா, அம்மா காலையில..." என்று நிறுத்தினாள். ரிசீவரை வைக்க மறந்து நின்றேன். கூட வேலை பார்த்த தோழிகளே, உங்களுக்கும் அப்படித்தான் இருந்திருக்கும்.

அவரை அறியாதவர்களுக்கு ஒன்று சொல்லியாக வேண்டும். அக்கா பொம்மைக் கார் சேர்த்தவர். உள்ளங்கையில் அடங்கும் உலோகக் கார்கள். பிள்ளைக்காக அல்ல, தனக்காக. அவருடைய தம்பி துபாயில் இருந்தார். அக்கா குடியிருந்த பூந்தமல்லியில் மற்ற வீடுகளுக்கு அங்கிருந்து சென்ட்டும் டேப்ரெக்கார்டரும் வந்தன. அக்கா வீட்டுக்கு மட்டும் பழைய சாமான் கடையில் பொறுக்கிய, பெயின்ட் உதிர்ந்த கார்கள் வரும். "இன்னா மெஹரு, தம்பிக்கு சம்பளமே தர்றதில்லியா?" என்று தெருவே கேலி செய்தது. அக்கா சிரித்துக்கொண்டே போய்விடுவார்.

புதுசு எதுவும் அவருக்கு வேண்டாம். சீமைக் கம்பெனி ஒரு காரைச் செய்து அலுத்ததும் அதன் வார்ப்பு அச்சை வேறு தேசத்துக்கு விற்றுவிடும். அங்கே அதே கார், யாரும் எதிர்பாராத நிறத்தில், வேறு சக்கரத்தோடு கொஞ்ச காலம் வந்து நின்றுபோகும். பிரேசிலில் வந்தது, ஹங்கேரியில் வந்தது என்று அந்த அபூர்வங்களைத்தான் அவர் தேடினார். எந்தக் காரைக் கொடுத்தாலும் முதலில் கவிழ்த்து, செய்த தேசத்தின் பெயர் பொறித்த அடித்தட்டைப் படிப்பார். "காரை மூஞ்சி பாத்து எடுக்காதடி, வயித்தப் பாத்து எடு" என்பார். பல்கேரியா என்று ஒரு தேசம் இருப்பதே எனக்கு அப்படித்தான் தெரியும்.

எண்பதுகளின் கடைசியில், சேகரிப்பாளர்கள் மாதம் ஒருமுறை ஒரு பள்ளிக்கூட ஹாலில் கூடுவார்கள். அத்தனை பேரும் ஆண்கள். அக்கா என்னைத் துணைக்கு இழுத்துக்கொண்டு போவார். ஒரு கூட்டத்தில், தம்பி கொண்டுவந்த பிரேசில் டாக்ஸி கத்தரிப்பூ நிறத்தில் இருப்பதாகச் சொன்னார். அங்கே எல்லோருக்கும் மூத்தவர் ராமநாதன். "அது பிரேசில்ல மஞ்சள்ல மட்டும்தான் வந்தது. யாரோ பெயின்ட் அடிச்சு உங்க தம்பி தலையில கட்டியிருக்கான்" என்றார். ஹால் முழுக்கச் சிரிப்பு. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அக்கா நிதானமாக, "அடுத்த மாசம் எடுத்துகினு வரேன் சார். நீங்களே பாருங்க" என்றார்.

அக்காவின் வீட்டுக்காரர் காசிம் பாய், இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் ஸ்ப்ரே பெயின்டர். மனைவி நாலு பேர் முன்னால் காட்டப்போகும் கார் இப்படிச் சொட்டை சொட்டையாக இருக்கிறதே என்று அவருக்கு மனசு கேட்கவில்லை. உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, பளபளவென்று சிவப்பு அடித்து, ரம்ஜான் அன்று அக்கா கையில் கொடுத்துவிட்டார்.

மறுநாள் அக்கா என்னிடம் சொன்னார். அந்தக் கத்தரிப்பூ நிறத்தை நான் இன்னும் பார்த்திருக்கவே இல்லை.

"நீங்க ஒண்ணும் சொல்லலியா?"

"இன்னாத்த சொல்ல? அவரு மூஞ்சில அம்மாம் சந்தோஷம். சூப்பரா கீதுன்னுட்டேன்."

அடுத்த கூட்டத்துக்குப் போக வேண்டாம் என்று கெஞ்சினேன். கேட்கவில்லை. சிவப்புக் காரை மேசைமேல் வைத்து, "கத்தரிப்பூ கலர்தான் இருந்துச்சு. எங்க ஊட்டுக்காரரு ஆசையா இத அடிச்சிட்டாரு" என்றார். இந்த முறை யாரும் சிரிக்கவில்லை. ராமநாதன் காரைக் கவிழ்த்துப் பார்த்தார். "ரிவெட்டைத் துளைச்சு அடித்தட்டைக் கழட்டினா உள்பக்கம் பழைய கலர் இருக்கும். காட்டுங்க, ஒத்துக்கறேன்."

"தொறக்க மாட்டேன் சார். நான் சொல்றத நம்பறதுன்னா நம்புங்க."

திரும்பும் பஸ்ஸில் அவரோடு சண்டையே போட்டேன். ஜன்னல் பக்கம் பார்த்தபடி சொன்னார்: "தொறந்து காட்டி அங்க நான் ஜெயிச்சிடுவேன் வசந்தா. ஊட்ல அவரு தோத்துப்பூடுவாரு." அழிந்துபோன நிறம் எவ்வளவு அபூர்வம் என்று காசிம் பாயிடம் கடைசிவரை அவர் சொல்லவே இல்லை.

அக்கா போன மூன்றாம் நாள், அவருக்காக ஓதும் ஃபாத்திஹாவுக்கு ராமநாதன் வந்திருந்தார், கையில் ஊன்றுகோலோடு. பேச்சுவாக்கில் அந்தக் காரின் கதையைச் சொல்லிவிட்டார். காசிம் பாய் எழுந்து உள்ளே போனார். காரையும் துளைபோடும் மிஷினையும் எடுத்துவந்தார்.

"இத்தினி வருசமா எங்கிட்ட சொல்லலியே அவ. நானே தொறக்கறேன் சார். அவ பொய் சொல்லலன்னு உங்களுக்குத் தெரியட்டும்."

ராமநாதன் அவர் கையைப் பிடித்துக்கொண்டார். "வேணாம் பாய். அது கத்தரிப்பூதான். அன்னிக்கே எனக்குத் தெரிஞ்சிருக்கணும்."

எனக்கு அழுகை வந்தது. அதைவிட அதிகமாகப் பெருமை வந்தது. ஹால் முழுக்க ஆண்கள் ஆதாரம் கேட்ட இடத்தில், தன் வார்த்தையை மட்டும் வைத்துவிட்டு எழுந்து வந்தவர் எங்கள் அக்கா.

காசிம் பாய் அந்தக் காரை எனக்குக் கொடுத்தார். என் வீட்டுக் கண்ணாடி அலமாரியில் சிவப்பாக நிற்கிறது, ரிவெட் அப்படியே இருக்கிறது. கீழே அட்டையில் எழுதி வைத்திருக்கிறேன்: பிரேசில், கத்தரிப்பூ நிறம். பார்க்கிறவர்கள் காரையும் அட்டையையும் மாறி மாறிப் பார்த்து, எப்படித் தெரியும் என்று கேட்கிறார்கள்.

"எங்க அக்கா சொன்னாங்க" என்கிறேன்.