சாம்பல் பெட்டையும் சாயக் குஞ்சுகளும்

எங்கள் வீட்டுச் சாம்பல் பெட்டைக்கோழியைப் பற்றி அப்பாவுக்குப் பெருமை அதிகம். குஞ்சு பொரித்துவிட்டால் பருந்தைக்கூட எதிர்த்துப் பறக்கும். ஜவ்வாது மலையடிவாரத்தில் பருந்துக்குப் பஞ்சமில்லை. அதையே விரட்டுகிற கோழி என்றால் சும்மாவா என்பார். என் மடியில் போட்டுத் தடவினால் கண்ணை மூடிக்கொண்டு கிடக்கும். வீட்டிலேயே நல்ல குணம் அதற்குத்தான் என்று நானும் நம்பியிருந்தேன். அம்மாவுக்கு இரண்டாம் இடம்தான்.

அந்தக் கோடை விடுமுறையில் அத்தை, அப்பாவின் தங்கை, தன் மகளை எங்களிடம் விட்டுப்போக வந்தாள். மாமா இறந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை. வாணியம்பாடிப் பக்கம் ஒரு ஷூ கம்பெனியில் அத்தைக்கு வேலை கிடைத்திருந்தது. தங்குவதற்கு ஹாஸ்டல், குழந்தைக்கு அங்கே இடமில்லை. மகளுக்கு நாலு வயது இருக்கும். அவள் அழுகையை நிறுத்த ஆலங்காயம் பஸ் ஸ்டாண்டில் அத்தை வாங்கிக் கொடுத்த சாயம் தோய்த்த கோழிக்குஞ்சுகளை, ரோஸும் பச்சையுமாக, ஓர் அட்டைப்பெட்டியில் கட்டிப்பிடித்தபடி வந்து இறங்கினாள்.

"நீ நிம்மதியா போய்ட்டு வாம்மா. எம் பொண்ணு சாப்புடறததான் இவளும் சாப்புடப் போறா," என்றாள் அம்மா. அம்மா சொன்னால் சொன்னதுதான். அத்தை தலையை ஆட்டினாள். ஆனால் கிளம்பவில்லை, மகளின் சடையைப் பிரித்துப் பிரித்துப் பின்னிக்கொண்டிருந்தாள். கண்ணீர் அது பாட்டுக்கு வழிந்தது.

யாராவது அழுதால் அப்பாவுக்குக் கையும் ஓடாது காலும் ஓடாது. ஏதாவது செய்தாக வேண்டும்.

வந்த குஞ்சுகளைத் தாய்க்கோழியோடு சேர்க்க எங்கள் பக்கத்தில் ஒரு வழி உண்டு. இருட்டி, கோழி தன் குஞ்சுகளை அணைத்துக்கொண்டு கண் சொருகிய பிறகு, புதியவற்றை ஒவ்வொன்றாக இறக்கைக்கு அடியில் தள்ளிவிட வேண்டும். விடிந்தால் எல்லாம் அதன் குஞ்சுதான். "இருங்க, பொழுது சாயட்டும்," என்று அம்மா சொல்லவும் சொன்னாள். அப்பா கேட்கவில்லை. தங்கை கண்ணால் பார்த்துவிட்டு, மனம் தேறிக் கிளம்ப வேண்டும் என்பது அவர் எண்ணம்.

"இன்னா பயம் ஒனக்கு? எங்க வூட்டுக் கோழி எதையும் தள்ளாது. எப்படி சேத்துக்குது பாரு," என்று அத்தையைக் கூப்பிட்டு நிறுத்தி, பட்டப்பகலில் பெட்டியைச் சாய்த்தார்.

சாம்பல் பெட்டை அந்த வாரம்தான் பொரித்த தன் குஞ்சுகளுக்கு நொய்யரிசி காட்டிக்கொண்டிருந்தது. ரோஸ் குஞ்சு ஒன்று நேராக ஓடி அதன் வயிற்றுக்கு அடியில் நுழைந்தது. கோழி அதைப் பின்கழுத்தில் கொத்தித் தூக்கியது. உதறியது. தரையில் போட்டு மறுபடியும் கொத்தியது. அப்பா துண்டை வீசிக்கொண்டு ஓடுவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. அவர் எடுத்துவந்த குஞ்சின் கழுத்து தொங்கியது. சாயம் எது, ரத்தம் எது என்று தெரியவில்லை.

என் மடியில் கண்மூடிக் கிடந்த கோழி அது. அது கொன்றதைவிட, கொன்ற அலகாலேயே உடனே தன் குஞ்சுகளுக்கு அரிசி எடுத்துப் போட்டதுதான் என்னால் தாங்க முடியாததாக இருந்தது.

அத்தை மகள் அழவில்லை, வாயைத் திறந்தபடி நின்றாள். அத்தையின் அழுகையும் நின்றிருந்தது. உள்ளே போய்ப் பையை எடுத்துவந்து, மகளைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள்.

"இவளையும் இட்டுனு போறேன் அண்ணி."

"அங்க எங்க வெச்சிப்ப?"

"பாத்துக்கறேன்."

"கோழி பண்ணதுக்கு நான் இன்னாம்மா பண்ணுவேன்?" அம்மாவின் குரல் உடைந்துவிட்டது.

"உங்கள ஒண்ணும் சொல்லல அண்ணி."

அப்பா துண்டில் சுற்றிய குஞ்சோடு நின்றுகொண்டே இருந்தார். மீதிக் குஞ்சுகளைப் பெட்டியில் பொறுக்கிப் போட்டுக்கொண்டு நான்தான் ரோடு வரைக்கும் ஓடினேன். குஞ்சு செத்த கோபத்தில் போகிறாள் என்று எனக்கு எண்ணம். பஸ் ஜன்னலுக்குக் கீழே நின்று, "கோழிய வித்துடலாம் அத்தை. நீ இவள வுட்டுட்டுப் போ," என்று கெஞ்சினேன். அத்தை பெட்டியை வாங்கிக்கொண்டு என் கன்னத்தைத் தொட்டாள்.

மகள் அவள் மடியில் இருந்தாள். அத்தை தன் உள்ளங்கையால் அவளுடைய பின்கழுத்தை மூடிக்கொண்டிருந்தாள். பஸ் வளைவில் திரும்பி மறையும்வரை அந்தக் கையை எடுக்கவே இல்லை. அன்றைக்கு நல்ல வெயில். அதனால்தான் மூடியிருக்கிறாள் என்று நினைத்துக்கொண்டு வீட்டுக்குத் திரும்பினேன்.