நாடி பிடிக்கும் அமைச்சர்

கைகுலுக்க நீட்டிய கையை அமைச்சர் குலுக்குவதில்லை. மணிக்கட்டைப் பிடித்து, தலையைச் சாய்த்து நாடி பார்க்கிறார். "கொஞ்சம் வேகமா ஓடுதே, உப்பைக் குறைங்க." வந்த ஒப்பந்தக்காரர் பூரித்துப் போகிறார். எதிர்க்கட்சித் தலைவருக்கும் இதே வைத்தியம்தான்; அவரிடம் மட்டும் "துடிப்பே இல்லையே!" என்பார்.

பக்கத்தில் நிற்கும் கம்பவுண்டருக்கு இதெல்லாம் பார்த்துப் பார்த்துப் புளித்துவிட்டது. அமைச்சர் டாக்டராக இருந்த காலத்தில் அவருடைய சந்தை ஓரத்து ஒற்றையறை கிளினிக்கில் பதினெட்டு வருடம் மருந்து கட்டிக் கொடுத்த மனிதர், இன்று அமைச்சரின் உதவியாளர். காரணம் விசுவாசம் அல்ல, கையெழுத்து. மனுக்களின் ஓரத்தில் அமைச்சர் கிறுக்கியதைப் படிக்க முடியாமல் செயலாளர் முதல் தட்டச்சர் வரை முட்டி மோதிக் கைவிட்டார்கள். கம்பவுண்டர் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு ஒரே மூச்சில் வாசித்தார். அன்றைக்கே வேலை கிடைத்தது.

வாசிக்க அப்படியொன்றும் பெரிதாக இருக்காது. சாலை கேட்டு வந்தாலும் விளக்குக் கம்பம் கேட்டு வந்தாலும், "பத்து நாள் கழித்து வரவும்." பத்து நாள் கழித்து வந்தால், "இதையே தொடரவும்."

மூன்று கட்சி மாறியதைப் பற்றிக் கேட்டால் அமைச்சர் கோபப்பட மாட்டார். "ஒரு மருந்து ஒத்துக்கலேன்னா மாத்தி எழுதணுமா இல்லையா? வைத்தியன் வேற என்னய்யா பண்ணுவான்?" ஒத்துக்கொள்ளாமல் போனது நோயாளிக்கா வைத்தியருக்கா என்று திருப்பிக் கேட்க யாருக்கும் தோன்றாது.

ஆனால் ஒரு காலத்தில் நல்ல டாக்டர். கம்பவுண்டரின் வயிற்றெரிச்சலே அதுதான். கைராசிக்காரர் என்று தெருமுனை வரை வரிசை நிற்கும். தேர்தலில் நின்ற அன்று பூட்டிய கிளினிக் பிறகு திறக்கவேயில்லை. அதே தெருவிலுள்ள அரசு சுகாதார நிலையத்தில் டாக்டருக்கு நாற்காலி இருக்கிறது, டாக்டர் இல்லை. ஆள் போடச் சொல்லும் கோப்பு ஏழு மாதமாக இவர் மேசையில்தான் தூங்குகிறது.

போன வாரம் மனு வாங்கும் நாளில், சந்தையில் காய்கறி விற்கும் பெண் தன் கணவனைத் தோளில் தாங்கிக்கொண்டு உள்ளே வந்தாள். அந்த ஆள் வாயால் மூச்சை இழுத்து இழுத்து விட்டுக்கொண்டிருந்தான்.

"மனு எங்கம்மா?"

"மனுவெல்லாம் இல்லீங்கய்யா. காலைல ஆஸ்பத்திரிக்குப் போனோம், அங்க டாக்டரே இல்ல. நமக்குத் தெரிஞ்ச டாக்டர் நீங்க ஒருத்தர்தானே, அதான் இங்கயே கூட்டிட்டு வந்துட்டேன். என்னன்னு பாருங்கய்யா."

அமைச்சர் ஒரு நொடி திருதிருவென்று விழித்தார். கம்பவுண்டர் ஓடிப்போய், பிரசாரத்துக்கென்று காரில் வைத்திருந்த ஸ்டெதாஸ்கோப்பைக் கொண்டுவந்தார். "ரொம்ப இழுக்குதுங்கய்யா, சீக்கிரம் பாருங்க" என்றார்.

அமைச்சர் அதைக் கழுத்தில் போட்டுக்கொண்டு, வட்டத்தை அவன் நெஞ்சில் வைத்து, புகைப்படக்காரர் பக்கம் திரும்பினார். இரண்டு முறை பளிச்சென்றது. "பயப்படாதம்மா, சுத்தமா இருக்கு."

காதில் மாட்ட வேண்டிய குழாய்கள் அவர் கழுத்திலேயே கிடந்தன.

வேலை போனால் போகட்டும் என்று கம்பவுண்டர் குனிந்தார். அத்தனை பேர் பார்க்க அந்தக் குழாய்களை எடுத்து, அமைச்சரின் இரண்டு காதிலும் அழுத்தி மாட்டிவிட்டார்.